சுற்றவில்லை என்று நான் எழுதிய வண்டி

“இன்னாம்மா, செத்த வண்டிக்கு நாடி புடிக்கறதுக்கா இம்மாம் படிப்பு படிச்ச?”

திருமழிசை தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு பழைய டிராக்டர் யார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஃபிட்டர் அந்தோணி அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார். சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். “ஆமாண்ணே. மூணு வருஷம் படிச்சேன். ஒரு அரியர்கூட இல்ல” என்றேன். சிரிப்பு இன்னும் பெரிதாகியது. நான் சிரிக்கவில்லை. இந்த ஆளிடம் ஒரு நாளும் தப்பாகப் பேசி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவுதான் பிறகு என்னைக் கெடுத்தது.

எட்டு வருடம் அந்த வேலையைப் பார்த்தேன். சென்ற மாதம் விட்டுவிட்டேன். எனக்கு வயது முப்பத்தொன்று. பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பக்கத்தில் என் பெயரைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். நான் படித்த பாலிடெக்னிக்கின் பழைய மாணவர் மலருக்காக, இப்போது அங்கே படிக்கும் பிள்ளைகள் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். “அக்கா, இப்பல்லாம் போன்ல பன்னண்டு போட்டோ எடுத்து அனுப்பினா விலை வந்துடுது. நீங்க நேர்ல போய் அப்படி என்னத்தப் பாத்தீங்க?” என்றாள் அவர்களில் ஒருத்தி. அவளுக்குப் பதிலாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தபின், நேரில் போயும் நான் பார்க்காமல் விட்டதைப் பற்றித்தான் எழுத வருகிறது.

முதலில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய டிராக்டர்கள், ஓடாமல் எங்காவது நின்றிருக்கும். எங்கள் யார்டு அவற்றை வாங்கிப் பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, பண்ணை வீட்டுக்காரர்களுக்கும் பழைய வண்டி சேர்ப்பவர்களுக்கும் விற்கும். வாங்குவதற்கு முன் வண்டி நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்து, எதற்குத் தேறும், என்ன விலை பெறும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது என் வேலை.

அந்தக் கையெழுத்து எனக்குப் பெரிது. என் அப்பா இதே தொழிற்பேட்டையில் லோடு ஏற்றி இறக்கியவர். அவருக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பாலிடெக்னிக் சேர்க்கைப் படிவத்தில் அப்பா பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் ஒரு தாளில் எழுதி, அதன் அடியில் பேரையும் போட்ட முதல் ஆள் நான். என் தாளை நம்பி ஒருவர் பணத்தை எடுத்து வைக்கிறார் என்பது ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு நிமிர்வைத் தந்தது. அந்த நிமிர்வை நான் இன்றும் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதைக் கீழே இறக்கி வைக்கத் தெரியாமல் போனதுதான் தப்பு.

வேலை பழகிய முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கியர்பாக்ஸ் கூட்டில் இருந்த விரிசலில் எம்-சீல் பசை பூசி, மேலே சேறும் அப்பி ஒருவர் என்னை ஏமாற்றினார். பிறகு சேறு இருக்கும் இடத்தை எல்லாம் சுரண்டிப் பார்த்தேன். ஒரு வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணும் இஞ்சினில் அடித்திருந்த எண்ணும் வேறு வேறாக இருந்ததைக் கவனிக்காமல் விட்டேன். பிறகு எண்ணைப் பார்க்காமல் மற்றதைத் தொடுவதே இல்லை. இப்படித்தான் போயிற்று.

ஓடாத வண்டியை நான் பார்க்கும் வரிசை இது. முதலில் தொடாமல் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். சைலன்சர் வாய் திறந்திருக்கிறதா, யாராவது டின்னோ கொட்டாங்குச்சியோ கவிழ்த்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று போதும். திறந்த சைலன்சர் வழியாக இறங்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் துரு ஏற்றி, பிஸ்டனை இறுக்கிப் பிடித்துவிடும். அடுத்து ஆயில் குச்சி. ஆயில் கறுப்பாக இருந்தால் கவலை இல்லை. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் அடி போல்ட்டை அரைத் திருகு தளர்த்தினால் முதலில் சொட்டுவது ஆயிலா தண்ணீரா என்று தெரியும். பிறகு இல்லாத சாமான்களின் பட்டியல். டீசல் பம்பு, டைனமோ, பானெட், விளக்கு என்று பழைய வண்டியில் இல்லாததுதான் விலையைத் தின்னும்.

கடைசியாக இஞ்சினைச் சுற்றிப் பார்ப்பது. முன்னால் இருக்கும் புல்லியின் நட்டில் நீள ஸ்பானரைப் போட்டுக் கையால் திருப்ப வேண்டும். சுற்றினால் வண்டிக்கு உயிர் இருக்கிறது. சுற்றவில்லை என்றால் விலை பாதிக்கும் கீழே. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது.

எங்கள் யார்டின் உரிமையாளர் வரதன் சார் இந்தக் கணக்கில் கறாரானவர். குரலை உயர்த்த மாட்டார். கூட்டுகிற அம்மாவைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். நான் வண்டி பார்க்கப் போன இடத்திலிருந்து போன் செய்தால் அவர் கேட்பது ஒரே கேள்வி: “சுத்துதாம்மா?” சுற்றுகிறது என்றால், “சரி, வாங்க.” இல்லை என்றாலும் அதே, “சரி, வாங்க.”

திரும்பி வந்ததும் தாளை இரண்டு தடவை படிப்பார். கண்ணை மூடிக்கொண்டு, தாளில் இல்லாததைக் கேட்பார். “பின் டயர்ல எந்தப் பக்கம் அதிகமா தேஞ்சிருக்கு? சீட்டு யார் தைச்சது, பழசா புதுசா?” நான் நேரில் பார்த்தேனா என்று சோதிக்கும் வழி அது. ‘மிகவும்’, ‘ஓரளவு’ போன்ற வார்த்தைகளைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். ஆதாரம் இல்லாத வரி இருந்தால் அடிக்க மாட்டார், அடியில் ஒரு கோடு போட்டு, “இது யார் சொன்னது?” என்பார்.

ஏகாம்பரம் ஐயாவின் வண்டிக்கு வருகிறேன்.

அது நான் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருடம், சித்திரை மாதம். பாரிவாக்கத்தில் ஒரு நீல டிராக்டர் நிற்கிறது என்று பாஸ்கர் என்பவர் போன் செய்தார். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், சேக்காட்டில் குடியிருப்பவர். வண்டி அவருடைய அப்பா ஏகாம்பரத்துடையது. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து நிலங்களுக்கெல்லாம் வாடகைக்கு உழுதவர். நிலங்கள் மனைகளான பிறகு வண்டிக்கு வேலை இல்லை. அது நின்ற தகரக் கொட்டகை பக்கத்து மனையில் இருந்தது. அந்த மனைக்காரர் வீடு கட்டப் போவதால் வண்டியை எடுத்தாக வேண்டும்.

தெருமுனையிலேயே பாஸ்கர் என்னை நிறுத்திக்கொண்டார்.

“மேடம், உள்ள போறதுக்கு மின்ன ஒரு விசயம். எங்கம்மா போய் நாலு வருசம் ஆவுது. நைனா இங்க தனியா கீறாரு. போன மாசம் காலி பாத்திரத்த கேஸ்ல வெச்சுட்டு சைக்கிள எடுத்துகினு பூந்தமல்லி போய்ட்டாரு. பக்கத்து வூட்டுக்காரங்க பாத்து அணைச்சாங்க. எங்கூட வந்துடு நைனான்னா வரமாட்டேன்றாரு. என் தங்கச்சியும் அவருக்கு ஒத்து ஊதுது. ஞாபகமெல்லாம் நல்லாத்தான் கீதாம்.”

“அதுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?” என்றேன்.

“இன்னா சம்பந்தமா? அமாவாசைக்கு அமாவாசை இஞ்சின கையால சுத்தி வெக்கிறேன், ஒரு மாசம் மறந்ததில்லன்னு அதத்தான் சாட்சி மாரி சொல்லிகினு கீறாரு. நீங்க பாருங்க. சுத்துனா தெரிஞ்சுடும், சுத்தலன்னாலும் தெரிஞ்சுடும்.”

நம் பக்கத்தில் அமாவாசை அன்று வண்டிக்குக் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் சுற்றுவது எல்லோரும் செய்வது. ஏகாம்பரம் ஐயா அதோடு இஞ்சினையும் இரண்டு சுற்று சுற்றி வைப்பாராம். ஓடாத இஞ்சினுக்கு அதைவிட நல்ல பராமரிப்பு கிடையாது.

அவர் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறையில் ஆர்.சி. புத்தகம் தயாராக இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பொம்பளப் புள்ளய அனுப்பிக்கிறாங்களா? பேஷ். எம் பொண்ணும் சின்ன வயசுல இந்த வண்டி ஓட்டுச்சு. இவன்தான் கிளட்ச்சே மிதிக்கத் தெரியாம அழுதான்” என்றார்.

“நைனா, சொம்மா இரு.”

“உள்ளதச் சொன்னா சொம்மா இரு. ம்மா, போன அமாவாசைக்கு சுத்தனேன். ரெண்டு சுத்து. வெண்ண மாரி போச்சு.”

“நேத்து இன்னா துன்னன்னே உனுக்கு ஞாபகம் இல்ல.”

“துன்றது வேற, வண்டி வேறடா.” பிறகு மகனைப் பார்த்து விரலை நீட்டினார். “இதபார், இந்தப் பாப்பா முன்னாடியே பேசிக்கலாம். வண்டி சுத்துச்சுன்னா நான் இங்கியேதான் இருப்பேன், நீ வாயத் தொறக்கக் கூடாது. சுத்தலன்னா எங்க இட்டுகினு போறியோ, வரேன்.”

“சரி நைனா. பேச்சு மாறக் கூடாது.”

இந்தப் பேச்சு முழுவதையும் நான் கேட்டேன். ஐயா இனி எங்கே இருப்பார் என்பது என் ஸ்பானரில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

வரிசைப்படி பார்த்தேன். சைலன்சர் வாயில் கொட்டாங்குச்சி கவிழ்த்து, மேலே துணி கட்டியிருந்தது. ஆயில் கறுப்பு, தண்ணீர் இல்லை. ரேடியேட்டர் சுத்தம். எண்கள் ஒத்துப்போயின. டீசல் பம்பு கெட்டுப்போய்க் கழற்றி வைத்திருந்தது. அதனால்தான் வண்டி ஓடவில்லை. பின் டயர் இரண்டிலும் காற்று இல்லாததால் வண்டியைத் தள்ளிப் பார்க்க முடியவில்லை. பேட்டரி இல்லை, ஆனால் பேட்டரி ஒயரின் முனைகள் பளிச்சென்று, புதிதாகத் தேய்த்த மாதிரி இருந்தன. எல்லாவற்றையும் டைரியில் எழுதினேன். ‘ஒயர் முனை: சுத்தம்’ என்ற வரி இன்றும் அதில் இருக்கிறது, என் கையெழுத்தில். எழுதினேன், ஆனால் அது என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. பேட்டரியே இல்லாத வண்டியில் ஒயர் முனையை யார் தேய்த்தார்கள், எதற்குத் தேய்த்தார்கள்?

மணி பன்னிரண்டு. தகரத்துக்குக் கீழே அடுப்பு மாதிரி இருந்தது. மதியத்துக்குமேல் இன்னும் இரண்டு வண்டி பார்க்க வேண்டும்.

கியர் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு ஸ்பானரைப் போட்டேன். ஒரு நூல் அளவு நகர்ந்து, ‘டக்’ என்று நின்றது. எதிர்ப் பக்கம் திருப்பினேன். மறுபடியும் ஒரு நூல், ‘டக்.’ உடம்பு எடையை முழுக்கக் கொடுத்தேன். அசையவில்லை.

“என் கைல குடும்மா” என்றார் ஐயா.

கொடுத்தேன். காலை அகட்டி வைத்துக்கொண்டு இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்பானர் நகரவில்லை. விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“தெம்பு இல்லியோ” என்றார், யாரிடமும் இல்லாமல்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ‘இப்போது சுற்றவில்லை’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சொன்னது: “தெம்பெல்லாம் இருக்கு ஐயா. உள்ளே இறுகிப் போச்சு. இது ஒரு மாசத்துல ஆகாது. பல வருஷமா இப்படித்தான் இருந்திருக்கும்.”

“கேட்டியா நைனா?” என்றார் பாஸ்கர். “படிச்சவங்க சொல்றாங்க.”

அந்த வார்த்தை எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அதை மறைத்துப் பயன் இல்லை.

ஏகாம்பரம் ஐயா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. “போன அமாவாசைதான்” என்றார். சற்றுப் பொறுத்து, “இல்ல அதுக்கு மின்னியா” என்றார். பிறகு கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

கிளம்பும்போது பாஸ்கர் மெதுவாகக் கேட்டார். “மேடம், அந்தப் பல வருசம்னு சொன்னத எழுதித் தருவீங்களா? தங்கச்சிக்குக் காட்டணும்.” தாளின் நகல் ஒன்றை விற்பவருக்குத் தருவது எங்கள் வழக்கம்தான். ‘இஞ்சின் பல வருடங்களாக இறுகிய நிலையில் உள்ளது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் வரதன் சார் அந்தத் தாளைப் படித்தார். ‘பல வருடங்களாக’ என்ற இடத்தின் அடியில் சிவப்புக் கோடு போட்டார்.

“இது யார் சொன்னதும்மா?”

“என் கணிப்பு சார்.”

கண்ணை மூடினார். திறந்தார். வேறொன்றும் கேட்காமல் தாளைக் கோப்பில் வைத்துவிட்டார். அந்த வரி விலையைக் குறைக்கிற வரி. அடுத்த வாரம் வண்டி பாதி விலைக்கு யார்டுக்கு வந்து சேர்ந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே அந்தோணி அண்ணன் குரல்.

“மேடம்! இங்க ஓடியா! உன் பொணம் எழுந்து குந்திகிச்சு!”

போனேன். நீல டிராக்டரின் இஞ்சினைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் கழற்றித் தரையில் கிடந்தது. அந்தோணி அண்ணன் ஒற்றைக் கையில் ஸ்பானரைப் பிடித்து இஞ்சினைச் சுற்றிக் காட்டினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. எந்தத் தடங்கலும் இல்லை.

“ஸ்டார்ட்டர் பல்லு போயி பிளைவீல் பல்லுல சொருவிகினு நின்னுகீது. அத்தான் சுத்தல. எவனோ பேட்டரிய மாட்டி ஸ்டார்ட் பட்டன அமுக்கிக்கிறான். உள்ள பாரு, துரு ஒரு பொட்டு இல்ல. மாசா மாசம் சுத்திக்கிறான்யா மவராசன்!”

இறுகிய பிஸ்டன் சுவர் மாதிரி நிற்கும். ஒரு நூல்கூட நகராது. ஒரு நூல் நகர்ந்து ‘டக்’ என்று நிற்பது, ஸ்டார்ட்டரின் பல் இஞ்சின் சக்கரத்தின் பல்லில் மாட்டிய வண்டி. அது பாடத்திலேயே இருக்கிறது. என் கை அதை உணர்ந்தது. மூன்று போல்ட்டைக் கழற்றி ஸ்டார்ட்டரை இறக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. அந்தோணி அண்ணன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“அடிங்க! தெரிஞ்சேதான் எழுதினியா? சுத்தலன்னு எழுதி பாதி வெலைக்கு இஸ்துகினு வந்துட்டியா? நாந்தான் உன்ன சொம்மா நெனச்சுட்டேன். கில்லாடி தாயி நீ!”

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ போய் பஜ்ஜி வாங்கி வந்தார்கள். “இல்லண்ணே, எனக்குத் தெரியாது, நான் தப்பா பாத்துட்டேன்” என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஆறு வருடமாக அந்த மனிதரின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தேன். நான் சிரித்தேன். பஜ்ஜியை எடுத்துக்கொண்டேன். தப்பு செய்தவள் என்று தெரிவதைவிட ஏமாற்றுக்காரி என்று பேர் வாங்குவது அன்றைக்கு எனக்குச் சுலபமாக இருந்தது.

மத்தியானம் வரதன் சார் அறைக்குப் போனேன். “சார், அந்தப் பெரியவர் சொன்னது நிஜம். அவர்கிட்ட சொல்லணும்” என்றேன்.

“உட்காருங்க” என்றார். கோப்பிலிருந்து தாளை எடுத்து, தான் போட்ட சிவப்புக் கோட்டைக் காட்டினார். “நான் அன்னிக்கே உங்களைக் கேட்டேன்.” குரலில் கோபமே இல்லை. “வண்டி இப்ப நம்ம வண்டி. வாங்கின வண்டியைப் பத்தி வித்தவங்ககிட்ட பேசற வழக்கம் இந்தத் தொழில்ல இல்லம்மா. பேசினா, நம்ம பழைய தாள் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து நிப்பாங்க.”

அவர் என்னைத் தடுக்கவில்லை. யார்டின் பேரில் பேசாதே என்றார், அவ்வளவுதான். திருமழிசையிலிருந்து, பாரிவாக்கம் இருக்கிற ஆவடிப் பக்கம் பஸ் இருக்கிறது. என் சொந்தக் காலில் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நினைத்தேன். பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அவரைச் சேக்காட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள், இனி சொல்லி என்ன என்று ஒரு சமாதானம் வந்தது. அந்தச் சமாதானத்தோடு ஏறக்குறைய இரண்டு வருடம் ஓட்டினேன். அந்த இரண்டு வருடமும் யார்டில் என்னைக் கில்லாடி என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்த வருடம் பொங்கல் முடிந்த சமயம், பூந்தமல்லி பஸ் நிலையத்தில் பாஸ்கர் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார்.

“மேடம், நல்லா கீறீங்களா? உங்கள அடிக்கடி நெனச்சுப்பேன். உங்க பேப்பராலதான் எங்க வூட்டு சண்டையே தீந்துச்சு. தங்கச்சி அதப் படிச்சுட்டு அப்பாலதான் ஒத்துகிச்சு. நைனாவும் ஒண்ணும் பேசல. பாரிவாக்கம் வூட்ட வாடகைக்கு உட்டுட்டோம். இப்ப எங்ககூடத்தான் கீறாரு. சைக்கிள் மட்டும் தர்றதில்ல, எங்கியாவது போய்டப் போறாருன்னு.”

அவர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்குப் பயந்த மகன், அவ்வளவுதான். அப்போதும் நான் சொல்லவில்லை. “நல்லது” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போனதும் பழைய டைரியில் பாஸ்கரின் சேக்காட்டு முகவரியைத் தேடி எடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டுக்குப் போனேன்.

இரண்டாவது மாடியில் சின்ன வீடு. ஐயா ஜன்னல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். இளைத்திருந்தார். பாஸ்கர் டீ போடச் சொல்ல உள்ளே திரும்பினார். “இருங்க, நீங்களும் கேக்கணும்” என்றேன். நின்றபடியே சொன்னேன். வண்டி சுற்றியது. பிஸ்டன் இறுகவே இல்லை. ஸ்டார்ட்டர் பல் மாட்டியிருந்தது. ஐயா மாதாமாதம் சுற்றியது நிஜம். நான் எழுதியது தப்பு. இது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும்.

பாஸ்கர் என் பக்கம் திரும்பினார். “பேட்டரி... நாந்தான். நீங்க வர்றதுக்கு ரெண்டு நாள் மின்ன, என் பிரெண்டு கார் பேட்டரிய எடுத்தாந்து அமுக்கனேன். சத்தம் வந்தா வெல ஏறுமேன்னு. ‘கடக்’குனு ஒரு சவுண்டு, அப்பால ஒண்ணுமில்ல. நைனா தூங்கிகினு இருந்தாரு.” அவர் தந்தையைப் பார்த்தார். “நைனா, எனுக்குத் தெரியாது நைனா.”

ஐயா என்னைத்தான் பார்த்தார். நாற்பது வருடம் வண்டி ஓட்டியவர்; அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“பல்லு மாட்டிகிச்சா?”

“ஆமாங்க ஐயா.”

“மூணு போல்ட்டுதானேம்மா.”

“ஆமாங்க ஐயா. கழட்டியிருக்கணும்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்; திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“எனுக்குத் தோணியிருக்கணும்” என்றார். “ஆயிரம் தபா பாத்திருக்கேன். ஸ்டார்ட்டர கழட்டிப் பாருன்னு ஒரு வார்த்த எம் வாயில வரல பாரு. அப்ப பாஸ்கர் சொன்னதும் சரிதான். ஞாபகம் போய்த்தான் இருக்குது.”

“இல்ல ஐயா, நீங்க சொன்னதுதான் சரி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“நீ நல்ல புள்ள. டீ குடிச்சுட்டுப் போ.”

நான் கொண்டுபோன உண்மையை அவர் எனக்கு எதிராகப் பயன்படுத்தவில்லை. தனக்கு எதிராகவே பயன்படுத்திக்கொண்டார். அன்றே, கொட்டகை வாசலிலேயே அதைச் சொல்லியிருந்தால் அவர் பிடித்த பந்தயத்தில் ஜெயித்திருப்பார். இரண்டு வருடம் கழித்து அது அவர் ஞாபகத்துக்கு வைத்த இன்னொரு சோதனை ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு தாள் எழுதினேன். இன்ன தேதியிட்ட என் அறிக்கை தவறு, இஞ்சின் இறுகவில்லை, தவறாமல் சுற்றிப் பராமரிக்கப்பட்டிருந்தது என்று. யார்டு முத்திரை கேட்டேன். வரதன் சார் தாளை இரண்டு தடவை படித்தார். எந்த வரியையும் அடிக்கவில்லை, கோடும் போடவில்லை. “சரியா எழுதியிருக்கீங்க. ஆனா முத்திரை தர முடியாதும்மா” என்றார். முத்திரை இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டு, பாஸ்கருக்கு ஒரு நகலும் அவர் தங்கைக்கு ஒரு நகலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாரிவாக்கம் வீட்டில் குடியிருப்பவர்களை இப்போது காலி செய்யச் சொல்ல முடியாது. அண்ணனும் தங்கையும் மறுபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. என்ன முடிவாகும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் வரதன் சார் எப்போதோ சொன்ன ஒன்று என்னை விடவில்லை: பழைய தாள் எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்றாரே. யாரும் வரவில்லை. நானே என் டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு வருடத்தில் ‘சுற்றவில்லை’ என்று நான் எழுதிய வண்டிகள் பத்தொன்பது. அவற்றில் ஏகாம்பரம் ஐயாவின் வண்டியைத் தவிர, ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்க்காமல் எழுதியவை இன்னும் ஆறு. பிரித்தபோது உள்ளே என்ன இருந்தது என்று யார்டில் யாரும் எழுதி வைப்பதில்லை, அதனால் அந்த ஆறில் எத்தனை தப்பு என்று எனக்குத் தெரியாது; பாதி வண்டிகள் இப்போது எங்கே என்றுகூடத் தெரியாது. விற்றவர்களின் முகவரிகள் மட்டும் இருக்கின்றன. யார்டில் இருந்துகொண்டு அந்த வீடுகளுக்குப் போக முடியாது. அதனால்தான் வேலையை விட்டேன்.

தம்பி, தங்கைகளே, போட்டோவில் விலை போடுவது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். வண்டியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, கையில் ஸ்பானரும் வைத்துக்கொண்டு நான் பார்க்காமல் விட்டேன். கடைசியாக யார் எப்போது ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள் என்று வண்டியைத் தொடுவதற்கு முன் கேளுங்கள். தெரிந்தது வரைக்கும் எழுதுங்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை எழுதினாலும் அது யார் தலையில் போய் விழும் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆறு வீடுகளில் முதலாவது, திருமழிசையில் பழைய தெரு ஒன்றில் இருக்கிறது. நேற்றுக் காலை போய்க் கதவைத் தட்டினேன். “யாரு, எந்தக் கம்பெனி?” என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. கம்பெனி எதுவும் இல்லை என்று சொல்லி, என் பெயரைச் சொன்னேன்.